பனியைக் கூட்டிய கார்

பனியை நான் கையால் தொட்டதில்லை. எங்கள் வெள்ளவத்தை வீட்டுக் குளிர்ப்பெட்டியின் மேல்தட்டில் வெள்ளையாய்ப் படிகிறதே, அதைக் கரண்டிக் காம்பால் சுரண்டிக் கழுவுதொட்டிக்குள் எறிந்திருக்கிறேன். நான் கண்ட பனி அவ்வளவுதான். ஆனாலும் பனிக்கு நான் கடமைப்பட்டவள். மனிதர் யாரும் செய்து தராத ஒரு காரியத்தை அது எனக்குச் செய்து தந்தது. என் கொழுந்தனின் கையில் தும்புத்தடியைக் கொடுத்தது. தும்புத்தடி என்றால், நீட்டுக் காம்பு வைத்த, நிலம் கூட்டுகிற விளக்குமாறு.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டி எழுத நேரம் எடுக்கும். எடுக்கட்டும். இந்தக் கதையை வேறு யாராவது எழுதினால் இடையில் எங்கேயாவது கொழுந்தனுக்கு இரக்கம் காட்டிவிடுவார்கள். அதனால் நானே எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக்காரர் ஒரு கராஜ் வைத்திருந்தார். கீழே கராஜ், மேலே வீடு. தகரம் போட்டதும் அவர், வாகனத்துக்குக் கீழே நின்று வேலை செய்யக் குழி வெட்டிச் சீமெந்து பூசினதும் அவர். ஊரில் வேலையில்லாமல் திரிந்த தம்பியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டவரும் அவரேதான். அந்த நாளில் அவர் கார் ஓட்டப் போட்டிகளுக்கும் போவார். தம்பியைப் பக்கத்து இருக்கையில் ஏற்றிக்கொண்டு போவார். எங்கள் மகள் சின்னப் பிள்ளை. பள்ளிக்கூடத்தால் வந்து வெள்ளைச் சட்டையோடு வாகனத்துக்குக் கீழே புகுந்துவிடுவாள். கொழுந்தன் சத்தம் போடுவார், பொம்பிளைப் பிள்ளைக்குக் கிரீஸ் என்னத்துக்கு என்று. தகப்பன் சிரித்துக்கொண்டு அவள் கையில் ஒரு ஸ்பானர் சாவியைக் கொடுத்து நட்டைக் கழற்றச் சொல்லுவார்.

ஒரு நாள் மத்தியானம், சோற்றுக்கு முன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கராஜில் கைபிடி வைத்த தன் மரக் கதிரையில் சாய்ந்து இருந்தார். பிறகு எழும்பவில்லை.

அந்தியேட்டிச் சடங்கு முடிந்து சொந்தக்காரர் எல்லாரும் கலைந்த அன்று, சுவரில் ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தைக் கொழுந்தன் எடுத்துத் தன் இடுப்பில் சொருகினார்.  எங்களுக்கும் அதில் உரித்து உண்டு என்ற நினைப்பில் நான் ஒவ்வொரு நாளும் மேலிருந்து இறங்கி வந்து கராஜுக்குள் ஒரு வாங்குப் பலகையில் இருப்பேன். நான் இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் ஆக்களுக்கு முன்னால் சொன்னார்:

"அண்ணி, சும்மா குந்திக்கொண்டிருந்தால் வாறவை என்ன நினைப்பினம்? உந்தத் தும்புத்தடியை எடுத்து நிலத்தைக் கூட்டுங்கோ."

கூட்டினேன். கொட்டின எண்ணெய்க்கு மேல் மரத்தூள் தூவுவார்கள். அது ஊறினபிறகு கூட்டி அள்ளவேண்டும். பாரமாயிருக்கும், சேலைக் கரையில் ஒட்டினால் போகாது. கூட்டிக்கொண்டு போய் என் வீட்டுக்காரரின் கதிரைக்குக் கிட்ட வந்தேன். அதில் கொழுந்தன் இருந்தார். கதிரைக்குக் கீழே யாராவது கூட்ட வந்தால் மனிதர் காலைத் தூக்குவார்கள். அதை யாரும் சொல்லித் தருவதில்லை. கால் தானாகத் தூக்கும். கொழுந்தன் தூக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் காலைப் பார்த்தார், அப்படியே இருந்தார். நான் குனிந்து அவருடைய செருப்பைச் சுற்றிக் கூட்டினேன்.

அதை இரண்டு பேர் கண்டார்கள். ஒன்று என் மகள். மற்றது, தகரம் நிமிர்த்துகிற டிங்கர் வேலை செய்த நானா. மாளிகாவத்தையிலிருந்து வருகிற முஸ்லிம் மனிதர், என் வீட்டுக்காரரோடு தொடக்கத்திலிருந்து நின்றவர். அவர் சுத்தியலை நிறுத்தினார். பிறகு அடித்தார், அந்தத் தகரத்துக்குத் தேவையானதைவிடப் பலமாய்.

அடுத்த நாளே மகளையும் தையல் மெசினையும் முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்துவிட்டேன். கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் ஓர் அறை. ரயில் போகும்போது ஊசி ஆடும். ரயில் போகிற மட்டும் மிதிக்காமல் காலை எடுத்து வைத்திருப்பேன், பிறகு தைப்பேன். வெள்ளவத்தைப் பெண்களின் சட்டை என் கையால் போனது கொஞ்சமில்லை. மகளைப் படிப்பித்தேன். அவள் நோர்வேக்குப் போனாள், அங்கேயே கலியாணம் கட்டினாள், அங்கேயே வேலை எடுத்தாள். வேலை என்ன தெரியுமா? பாதையில் விழுகிற பனியைத் தள்ளி விலத்துகிற பெரிய லொறி ஓடுவது. ஓய்வு நாளில் தன் பழைய காரைத் தானே பிரித்துப் பூட்டி ஓட்டப் போட்டிக்குப் போவாள். அது தகப்பனின் இரத்தம்.

நான் ஒரு காரியத்தை மாத்திரம் விடவில்லை. கலியாண வீடோ செத்த வீடோ, சொந்தம் கூடுகிற இடத்தில், கொழுந்தன் காதில் விழுகிற தூரத்தில் இருந்து, அந்தக் கராஜை யார் கட்டினது என்று யாருக்காவது சொல்லுவேன். கோபமாய்ச் சொல்லமாட்டேன். சோற்றுக்கு உப்புக் கேட்கிற மாதிரிச் சொல்லுவேன். அது அவருக்குக் காலில் தைத்த முள். எடுக்கவும் முடியாது, நடக்கவும் முடியாது.

வெள்ளவத்தையில் ஒரு கலியாண மண்டபத்தில் சாப்பாட்டு மேசையில் இருக்கும்போதுதான் இது தொடங்கினது. கொழுந்தன் தட்டோடு வந்து எனக்கு முன்னால் இருந்தார்.

"என்ன அண்ணி, மகள் அங்கை பனி தள்ளுற லொறி ஓடுறாளாம்?"

"ஓம் தம்பி. அரசாங்க லொறி."

"கடல் தாண்டிப் போயும் கூட்டுற வேலைதான்!"

மேசை முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

"என்ரை மகனும் ரெண்டு வருஷமாய் அங்கைதான்" என்றார். "வருஷம் துறக்கிற முதல் ராலி வருகுது, பனிக்கை. ரெண்டு பேரும் ஓடுகினமாம். ராலி எண்டால் என்னெண்டு தெரியுமோ அண்ணிக்கு?"

"தெரியாமல் என்ன தம்பி. உங்கடை அண்ணர் ஓடினவரெல்லே. நீங்கள் பக்கத்திலை இருந்து வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுத்தனீங்கள்."

இந்த முறை மேசை இன்னும் கூடச் சிரித்தது. கொழுந்தனின் காது சிவந்தது. தட்டைத் தள்ளி வைத்தார்.

"சரி, எல்லாருக்கும் முன்னாலை ஒரு கதை. உங்கடை மகள் என்ரை மகனை முந்தினால், இந்த ஆக்களைக் கூப்பிட்டு வச்சு என்ரை வீட்டு ஹோலை நானே தும்புத்தடி பிடிச்சுக் கூட்டுறன். அவன் முந்தினால், நீங்கள் அதே இடத்திலை நிண்டு ஒரு வசனம் சொல்லவேணும். கராஜ் என்ரை, அண்ணைக்கு அதிலை ஒண்டும் இல்லை எண்டு. அதுக்குப் பிறகு உந்த வாயை மூடவேணும்."

நான் வாய்க்குள் இருந்த வாழைக்காய்ப் பொரியலை மென்று விழுங்கினேன். தண்ணீர் குடித்தேன். "சரி தம்பி" என்றேன்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் பயம் வந்தது. அந்த வசனத்தை வாயைத் திறக்காமல் உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தேன். பாதியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரரை ஒரு தரம் எரித்தாயிற்று. மிச்சம் இருப்பது அந்தத் தகரமும் குழியும், அவை அவருடையவை என்று சொல்ல என் வாயும்தான். அந்த வாயை நான் பந்தயத்தில் வைத்துவிட்டேன். மகளுக்கு நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால் எனக்குத்தான் பேச்சு விழும்.

அவள் போனில் கதைக்கும்போது ராலியைப் பற்றி மெல்ல மெல்லக் கேட்டு அறிந்துகொண்டேன். எல்லாரும் ஒன்றாய் விழுந்தடித்துப் புறப்படுகிற ஓட்டம் இல்லையாம். காட்டுப் பாதையில் ஒவ்வொரு காராய் விடுவார்கள், யார் குறைந்த நேரத்தில் போய்ச் சேருகிறார் என்று பார்ப்பார்கள். பக்கத்தில் ஓர் ஆள் இருந்து வளைவுகளை வாசித்துச் சொல்லவேண்டும். இவளுக்கு ஒரு நோர்வேப் பெண் வாசிக்கிறாள். டயர் முழுக்க ஆணி.

"ஆணியோ? உன்ரை அப்பா ஒரு ஆணிக்காக எத்தினை டயர் கழட்டினவர் தெரியுமே?"

"அது உள்ளுக்குப் போற ஆணி அம்மா. இது வெளியிலை நிக்கிற ஆணி. ஐஸைக் கடிச்சுப் பிடிக்கும்."

கடைசி ஓட்டம் உறைந்துபோன குளத்துக்கு மேலே என்றாள். எனக்கு நம்ப முடியவில்லை. எங்கள் கொழும்பு நடுவிலிருக்கிற பேரை வாவியை நினைத்துப் பார்த்தேன். அந்தப் பச்சைத் தண்ணீர் கல்லாய் இறுகி, அதற்கு மேல் கார் ஓடுகிறது என்று. காக்கைகூட நிற்கப் பயப்படும்.

ராலி நெருங்கின கிழமை கேட்டேன், "அப்ப நீ முதலாவதாய்ப் போவன், முன்னுக்கு நிக்கலாமே?"

"ஐயோ அம்மா, அது மட்டும் வேண்டாம். இஞ்சை ஒரே கொட்டாய்க் கொட்டுது. முதலாவதாய்ப் போற கார்தான் புதுப் பனியை விலத்திக்கொண்டு போகவேணும். ஆணி ஐஸைத் தொடாது. ஏழெட்டுக் கார் போனபிறகு போறவைக்குத்தான் நல்ல பாதை. இந்தச் சங்கத்திலை போன வருஷம் கூடப் புள்ளி எடுத்தவை தங்கடை இடத்தை முதல் தெரிவு செய்யலாம். சித்தப்பான்ரை மகனுக்கு எனக்கு முதல் சான்ஸ். அவன் பின்னுக்குத்தான் எடுப்பான். அவன் ஒண்டும் மோடன் இல்லை."

மோடன் மகன் இல்லை என்பது எனக்கும் தெரியும். தகப்பன் இருக்கிறாரே.

அடுத்த நாள் கொழுந்தனே போன் எடுத்தார். என்னோடு போனில் கதைக்காத மனிதர். குரலில் வெண்ணெய் உருகினது.

"அண்ணி, நேரம் பாத்தாச்சு. அவனை முதல் இடத்தை எடுக்கச் சொல்லிப்போட்டன்."

"ஏன் தம்பி?"

"சனிக்கிழமை. முதல் கார் வெளிக்கிட்ட கையோடை ராகு காலம் பிறக்குது. பின்னாலை வாறவன் முழுப் பேரும் ராகு காலத்துக்கை வெளிக்கிட வேணும். அவன் ஏதோ பனி கினி எண்டு இழுத்தவன். கார் வாங்கித் தந்தது பனியோ நானோ எண்டு கேட்டன். வாயை மூடினான்."

"எந்த ஊர் ராகு காலம் தம்பி? எங்கடையோ, அவையடையோ?"

"பிள்ளை நிக்கிற இடத்து மணிக்கூடு பாத்துத்தான்."

"அங்கை இந்த நாளையிலை சூரியனே ஒழுங்காய் எழும்பிறேல்லையாம்."

"சூரியன் எழும்பாட்டிலும் ராகு எழும்பும் அண்ணி."

இந்த இடத்தில் நான் ஒரு நல்ல பெண்ணாயிருந்தால் சொல்லியிருப்பேன், தம்பி, பிள்ளை சொல்வதைக் கேளுங்கோ என்று. நான் சொன்னது இதுதான்: "நல்ல வேலை செய்தியள். முதலாவதாய்ப் போறதுதான் மரியாதை."

"அப்பிடிச் சொல்லுங்கோ" என்றார், குளிர்ந்துபோய்.

போனை வைத்தபிறகு கலண்டரைக் கழற்றி அந்த நேரத்தைப் பார்த்தேன். ஏனென்றால் நானும் ராகுவுக்குப் பயந்தவள். ராகு காலத்தில் ஒரு சட்டைக்குத் துணி வெட்டமாட்டேன், வெட்டினால் கை பிழைக்கும். என் பிள்ளை அந்த நேரத்தின் நடுவில் ஐஸுக்கு மேல் புறப்படப்போகிறாள். ஒரு சொல் சொன்னால் அவள் எனக்காக முன்னுக்கு இடம் மாற்றக் கேட்டிருப்பாள். சாமித் தட்டுக்கு முன்னால் நின்று யோசித்தேன். கொழுந்தன்மேல் எனக்கிருந்த கோபம் ராகுவைவிட மூத்தது என்று கண்டுகொண்டேன். சொல்லவில்லை.

சனிக்கிழமை மாம்பழ நிறச் சேலை கட்டினேன். விதவைக்கு ஏன் அந்த நிறம் என்று கேட்க நினைத்தவர்கள் கேட்கவில்லை. பஸ் எடுத்து, கோட்டையில் மாறி, கொட்டாஞ்சேனையில் இறங்கி நடந்தேன். கராஜ் பலகையில் கொழுந்தனின் பெயர் மட்டும் பெரிதாய் இருந்தது. அதற்குப் பக்கத்துப் படியால் மேலே ஏறினேன். என் சமையலறையாயிருந்த இடத்தை இடித்து ஹோலைப் பெருப்பித்திருந்தார்கள். சுவர் அளவு ரீவி. கலியாண மேசையில் சிரித்த எல்லாரும் வந்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு கோழிக்கறியோடு. நானாவும் வந்திருந்தார், இப்போது வேலை விட்டவர், கைத்தடியோடு ஒரு மூலையில் இருந்தார். கொழுந்தன் தன் பெருமையைப் பார்க்கப் பழைய வேலையாளையும் கூப்பிட்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, சொகமா? ஒங்கட புள்ளட ஓட்டத்தப் பாக்கத்தான் நானும் வந்த" என்றார், எல்லாருக்கும் கேட்க.

"கோழிக்கறிக்கு வரேல்லையே?"

"அதுக்கும்தான்."

எனக்கு ஹோலின் நடுவில் ஒரு கதிரை போட்டார்கள். மரக் கதிரை. கைபிடியைத் தடவினபோது எனக்குத் தெரிந்துவிட்டது. வார்னிஷ் புதிது, கதிரை பழையது. அதில் இருந்தேன்.

நோர்வேயில் அப்போதுதான் விடிகிற காலை. ரீவியில் இருட்டுமில்லை வெளிச்சமுமில்லை, சாம்பல் கரைத்து ஊற்றின மாதிரி ஒரு வானம். மரங்கள் எல்லாம் வெள்ளை. கொழுந்தனின் மகனின் கார் முதலாவதாய் நின்றது, சிவப்புக் கார், புத்தம் புதிது. தகப்பன் சொல்லி அனுப்பினபடி நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தான். அவனுடைய கூட்டாளி ஒருவன் அதைப் போனில் பிடித்துக் காட்டினான்.

கார் அசைந்தது. எலுமிச்சம்பழம் நசியவில்லை. டயர் ஏறினதும் பனிக்குள்ளே புதைந்துபோனது, நாலும், முழுப்பழமாய்.

கொழுந்தனின் மனைவி "ஐயோ" என்று வாயில் கை வைத்தார்.

"அது பரவாயில்லை" என்றார் கொழுந்தன். "தேங்காயைக் கொண்டாரும்!"

தேங்காயைப் படிக்கு வெளியேதான் உடைக்கவேண்டும். ஆனால் அவருக்கு ரீவியில் கார் பாய்கிற அதே நேரத்தில் உடைக்கவேண்டும், ரீவியையும் பார்க்கவேண்டும். ஆகவே ஹோலுக்குள்ளேயே ஓங்கி அடித்தார். சிரட்டைத் துண்டு நாலு பக்கமும் தெறித்தது. தண்ணீர் மாபிளில் ஓடி என் கதிரைக் காலடியில் நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள்.

பிறகு எல்லாரும் ரீவியைப் பார்த்தார்கள். மேலிருந்து பிடித்த படம். வெள்ளைக் காட்டுக்குள் ஒரு வெள்ளைப் பாதை. சிவப்புக் கார் அதைக் கிழித்துக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் பனி மதிலளவுக்கு எழும்பினது. பார்க்க வடிவுதான். ஆனால் கார் போகவில்லை. மூக்கு இந்தப் பக்கம் போகும், வால் அந்தப் பக்கம் போகும், வளைவு வந்தால் அரைவாசி நேரம் தவண்டு தவண்டு ஏறும்.

நானா கைத்தடியில் நாடியை ஊன்றிக்கொண்டு கேட்டார், "மொதலாளி, மகன் கார் ஓடுறாரா, மா இடிக்கிறாரா?"

"பொறும், பொறும். இன்னும் சூடேறேல்லை."

மற்றக் கார்களும் ஒவ்வொன்றாய்ப் போயின. போகப் போகப் பாதையின் நிறம் மாறினது. வெள்ளை போய் நடுவில் இரண்டு நீலக் கோடு விழுந்தது, கண்ணாடி மாதிரி. அதன்பிறகு என் மகளின் கார் வந்தது. பழைய நீலக் கார், முன்மூடி வேறு நிறம்.  ராகு காலத்தின் நடு. அவள் அந்த இரண்டு கோட்டிலும் டயரை வைத்தாள். ஆணி ஐஸைக் கடிக்கிற சத்தம் ரீவியில் கேட்டது, கத்தியைக் கல்லில் தீட்டுகிற மாதிரி. அவ்வளவு நல்ல சத்தத்தை நான் என் வயதுக்குக் கேட்டதில்லை.

படத்துக்குக் கீழே நேரம் எழுதினார்கள். எழுத்து எனக்குப் பிந்தினாலும் இலக்கம் பிந்தாது, துணி அளந்து பழகின கண். மகளின் நேரம் குறைவு, நல்லாய்க் குறைவு.  சேலைத் தலைப்பைச் சரி செய்தேன்.

"பிழையாய்ப் போட்டிருக்கிறாங்கள்" என்றார் கொழுந்தன். "மெசின் பிழை."

காட்டு ஓட்டங்கள் முடிந்து காருக்கு எண்ணெய் விடுகிற இடைவேளை வந்தது. கொழுந்தன் மகனுக்குப் போன் எடுத்தார். ஆத்திரத்தில் குத்தினதில் விரல், போன் கத்திப் பேசுகிற பொத்தானில் பட்டுவிட்டது. ஹோல் முழுக்கக் கேட்டது.

"என்னடா ஓடுறாய், மாட்டுவண்டில் மாதிரி?"

"அப்பா, நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனான் தானே!" பிள்ளையின் குரல் அழுகிற மாதிரி இருந்தது. "முதல் போறவன் பின்னாலை வாறவைக்கு றோட்டுக் கூட்டிக்கொண்டுதான் போகவேணும். காலமை முழுக்க நான் அக்காவுக்குக் கூட்டிக் குடுத்தனான். வேறை ஒண்டும் செய்யேல்லை."

"ராகு காலமடா..."

"ராகு காரிலை ஏறேல்லை அப்பா. பனிதான் ஏறினது."

ஹோலில் இருந்தவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். இவ்வளவு வருஷமும் அந்த நேரத்துக்கு என்ன சொல்லவேண்டும் என்று பல வசனம் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

"தம்பி," என்றேன், "உங்கடை மகன் என்ரை மகளுக்கு றோட்டுக் கூட்டிக் குடுத்தவனாம். பாவம், நல்லாய்க் கூட்டியிருக்கிறான்."

நானா இருமினார். இருமல் இல்லை அது.

"இன்னும் முடியேல்லை" என்றார் கொழுந்தன். "குளம் கிடக்குது."

குளம் கிடந்தது. அங்கே காற்று அடித்துப் பனியைத் துடைத்துவிட்டிருந்தது. அங்கே கூட்டுவதற்கு ஒன்றுமில்லை, முதல் காருக்கும் கடைசிக் காருக்கும் ஒரே கண்ணாடி. சிவப்புக் கார் அங்கே பறந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன், பிள்ளை கெட்டிக்காரன். அவன் நேரத்தைக் கண்டு கொழுந்தன் எழும்பி நின்றார்.

பிறகு மகள் வந்தாள். அவளும் பறந்தாள். குளத்தின் நடுவளைவில் வால் வழுக்கினது, வழுக்கினது நிற்கவில்லை. கார் வட்டமாய்ச் சுற்றிக்கொண்டு போய்க் கரையில் குவித்திருந்த பனி மதிலுக்குள் மூக்கைக் குத்தினது. வெள்ளை எழும்பினது. ஒன்றும் தெரியவில்லை.

"ராகு!" என்று கத்தினார் கொழுந்தன், கையைத் தட்டி. தன் அண்ணனின் பிள்ளை உள்ளே இருக்கிறாள் என்ற நினைப்பு அவருக்கு வரவில்லை. அதை அந்த ஹோலில் இருந்த எல்லாரும் கண்டார்கள். நானும் கண்டேன், மற்றக் கணக்கோடு அதையும் வைத்துக்கொண்டேன்.

வெள்ளை அடங்கினபோது மகள் காரின் கண்ணாடியைத் திறந்து கையை வெளியே விட்டு ஆட்களைக் கூப்பிடுவது தெரிந்தது. கரையில் நின்ற சனம் ஓடி வந்தது. தொப்பி போட்ட கிழவர்கள், பிள்ளைகள், எல்லாரும் காரின் முகத்தில் கையை வைத்துத் தள்ளினார்கள். பிள்ளைக்குக் காயமில்லை என்று கண்டதும் என் நெஞ்சு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. வந்ததும் நேரத்தைப் பார்த்தேன். அது ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணி, வசனம் ஞாபகமிருக்குதோ?" என்று கொழுந்தன் என் காதுக்குக் கிட்டக் குனிந்தார். "கராஜ் என்ரை. அண்ணைக்கு ஒண்டும் இல்லை. எழும்பி நிண்டு சொல்லவேணும்."

நான் கதிரையின் கைபிடியைப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரரின் கை பட்டுத் தேய்ந்த இடம், வார்னிஷுக்குக் கீழேயும் பள்ளம் இருந்தது.

கார் வெளியே வந்தது. அவள் அதைத் திருப்பின விதத்தை எனக்கு எழுதத் தெரியாது. ஒரு பக்கத்து விளக்கு உடைந்து தொங்க, முன்மூடி திறக்கப் பார்க்க, கோட்டைத் தாண்டினாள். கீழே இலக்கங்கள் கலங்கிக் கலங்கி ஒழுங்காயின. எல்லா ஓட்டத்தையும் கூட்டிப் பார்த்த மொத்த நேரம். நான் இரண்டு தரம் வாசித்தேன். ஒரு மனிதர் ஒரு தும்மல் தும்மி முடிக்கிற நேரம். அவ்வளவுதான் வித்தியாசம். என் மகள் முன்னுக்கு. முதலாவதாய் வந்தது யாரோ ஒரு நோர்வேக்காரன். அவனைப் பற்றி எனக்கென்ன.

காலையில் அந்தப் பிள்ளை கூட்டிக் கொடுத்த றோட்டுத்தான் அந்தத் தும்மல்.

கொழுந்தன் சிரிக்கப் பார்த்தார். "அண்ணி, அது கலியாண வீட்டிலை பகிடிக்குச் சொன்னது..."

"மொதலாளி," என்றார் நானா மூலையிலிருந்து, "தும்புத்தடி எங்க ஈக்கிது?"

கொழுந்தனின் மனைவி சமையலறைக்குப் போய் எடுத்து வந்தார். எடுத்து வந்து தானே கூட்டக் குனிந்தார்.

"நீர் இரும் தங்கச்சி" என்றேன். "நீர் இவ்வளவு நாளும் கூட்டினது காணும். சொன்னவர் கூட்டட்டும்."

அவர் நிமிர்ந்தார். புருஷனைப் பார்த்தார். பிறகு தும்புத்தடியை அவருக்கு முன்னால் நீட்டினார். 

கொழுந்தன் எல்லாருடைய முகத்தையும் பார்த்தார். ஒருவரும் வேறு பக்கம் திரும்பவில்லை. வாங்கினார். பிடிக்கத் தெரியவில்லை அவருக்கு. துடுப்பைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்தார். சிரட்டைத் துண்டுகள் அவருக்கு அகப்படாமல் மாபிளில் வழுக்கிக்கொண்டு போயின. தேங்காய்த் தண்ணீரைக் கூட்டப் போய்ச் சுவர் வரைக்கும் இழுத்துவிட்டார்.

அந்த நேரம் என் போன் அடித்தது. மகள், முகம் தெரிகிற அழைப்பு. தலைக்கவசம் கழற்றி, முடி எல்லாம் நனைந்து, மூக்கு சிவந்து, தகப்பனின் சிரிப்போடு நின்றாள்.

"அம்மா! பாத்தனீங்களோ? சித்தப்பா என்ன சொல்லுறார்?"

"அவருக்குக் கதைக்க நேரமில்லை பிள்ளை. வேலையாய் நிக்கிறார்."

"என்ன வேலை?"

போனைத் திருப்பிக் காட்டினேன். நல்லாய்த் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தேன்.  பின்னால் அந்த நோர்வேப் பெண் ஏதோ கேட்டாள், மகள் கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள். அன்றைக்குக் கராஜில் வாங்குக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பையோடு நின்றவள் அவள். அவளுக்கு விளங்கும்.

"அம்மா," என்றாள் பிறகு, மெல்ல, "காணும், விடுங்கோ. போனைத் திருப்புங்கோ."

"இன்னும் மூலை கிடக்குது பிள்ளை."

"அம்மா, சொல்லுறனெல்லே."

நான் திருப்பவில்லை. கொழுந்தன் சுவர்ப் பக்கத்தை முடித்துக்கொண்டு, குனிந்தபடியே, நடுவுக்கு வந்தார். வேர்த்து முதுகுச் சட்டை ஒட்டியிருந்தது. என் கதிரைக்குக் கீழே ஒரு பெரிய சிரட்டைத் துண்டு கிடந்தது. தும்புத்தடி என் செருப்புக்கு முன்னால் வந்து நின்றது.

"அண்ணி," என்றார், நிமிராமல். "காலை ஒருக்கா..."

நான் அவருடைய தலையைப் பார்த்தேன். பிறகு என் காலைப் பார்த்தேன். தூக்கவில்லை.